தேநீரின் உடல்

வட்டவளையில் மழை ஓய்ந்திருந்த ஒரு மாசி மாதக் காலை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், தூளைச் சுவைத்துப் பார்க்கும் அறைக்கு என்னை அழைத்துச் சென்றார். அத்தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். ஆசிரியனாகித் தலை நரைத்த பின்னரே அந்த வாசலை மிதித்தேன்.

நீண்ட மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள். மூடி வைத்து 6 நிமிடம். பின்னர் சாயத்தைக் கிண்ணத்தில் வடித்து, சக்கையை மூடியின்மேல் கவிழ்த்து வைத்தனர். டீமேக்கர் கரண்டியால் முகந்து, ஒலியெழ உறிஞ்சி, நாவெங்கும் சுழற்றித் துப்பினார். காற்றும் உடன் சென்றால்தான் மணம் மூக்கின் உட்புறத்தை எட்டும். மேல்நாட்டில் செந்நிறத் திராட்சை மதுவைச் சோதிப்போர் செய்வதும் இதுவே.

"வறட்சிக் காலத்து இலை, நல்ல உடல் இருக்கிறது" என்றார் அவர். வாயில் நிறைந்து நிற்கும் கனத்திற்கு அத்தொழிலில் 'உடல்' என்று பெயர். அரைபட்ட கொழுந்து காற்றில் புளிக்கும் நேரம் நீண்டால் நிறமும் கனமும் கூடும், துடிப்புக் குறையும். அளவறிந்து நிறுத்துவதே திறமை. 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு ஏலத்தில் விலைக்கு அடிப்படையாவது இத்தகைய நாக்குகளின் தீர்ப்புத்தான்.

என் அம்மா நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். லயத்தில் நாங்கள் குடித்ததோ மலிவான தூள்; பால் கிடையாது, உள்ளங்கையில் சிறிது சீனி. அன்று ஒரு சிறு பொட்டலம் கேட்டு வாங்கிவந்து அவருக்குச் சாயம் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறு பருகினார்.

"வெயில் நாள் கொழுந்து தம்பி. மழைக் கொழுந்துல இந்த வாசம் வராது."

டீமேக்கர் சொன்னதையே அம்மாவும் சொன்னார். ஆனால் அந்த நாற்பது ஆண்டுகளில் அவரை எவரும் அந்த மேசையருகே அழைத்ததில்லை. கேட்டதெல்லாம் எத்தனை கிலோ என்பது மட்டுமே.

கோப்பையிலுள்ள உடலுக்கு விலையுண்டு. கூடைக் கயிறு தலையில் தழும்பிட்ட, முதுகு வளைந்த உடலுக்கோ? நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டுமென்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. அது சட்டமாக 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் அரிசியின் விலை காத்திருக்கவில்லை.

நண்பர்களே, அடுத்த முறை தேநீரைப் பருகி நன்றென்று சொல்லும்போது, அந்த நன்மையை முதலில் அறிந்தது எந்தக் கை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.