கந்தசாமி மலையில் ஒரு காலை

புல்மோட்டை வீதியால் திரியாய்க்குப் போகும்போதெல்லாம் கந்தசாமி மலையைத் தூரத்திலிருந்தே பார்ப்பேன். உச்சியில் பழைய பௌத்த தாதுகோபம் இருப்பதால் கிரிஹண்டு சேய என்றும் சொல்வார்கள். பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டும் உண்டு.

சென்ற ஆனியில் மகளிர் குழுக் கூட்டம் முடிந்ததும் நால்வர் அங்கே நடந்தோம். எங்களுடன் வந்த அக்கா சிறுமியாக விறகு பொறுக்கித் திரிந்த காடு அது. 1985 இல் ஊர் எரிந்தது. 1990 இல் சனம் முழுவதும் வெளியேறியது. அந்த ஆண்டில்தான் அவருடைய கணவரும் காணாமற்போனார். 2002 யுத்தநிறுத்தத்தின் பின் ஊர் திரும்பியும், மலையை வாசலிலிருந்து மட்டுமே பார்த்து வந்திருக்கிறார்.

அடிவாரத்தில் நின்றுவிட்டார்.

"வெடி ஒண்டும் இல்லையெண்டு எல்லாரும் சொல்லுறாங்கள், பிள்ளை. காலுக்குத்தான் அது விளங்குதில்லை."

மீள்குடியேற்றம் பற்றி நான் நிரப்பும் படிவத்தில் வீடு, கிணறு, மலசலகூடம் என்று கட்டங்கள் உண்டு. பயமில்லாமல் நடந்து திரிய முடிகிறதா என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. உங்களில் பலருக்கு இது புதிதல்ல. எனக்கு அன்றுதான் உறைத்தது.

கையைப் பிடித்துக்கொண்டு படிபடியாய் ஏறினோம். மேலே நல்ல காற்று. கிழக்கே கடல், கீழே வயல்கள். கணவர் விதைத்த வயல் எதுவென்று அவர் தேடிக்கொண்டே நின்றார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

இறங்கியதும் சேலைத் தலைப்பில் பாலைப்பழம் பொறுக்கினார். தின்று உதடெல்லாம் ஒட்டிக்கொள்ளச் சிரித்தோம். திரும்பும்போது அவர்தான் முன்னால் நடந்தார்.

"அந்தப் பக்கம் போகாதையுங்கோ, குளவி கூடு கட்டியிருக்கும்."