ஒரே ஒரு மந்திரமும் ஒரு சாவும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டே தள்ளிப் போட்ட விஷயம் மக்களே. கொஞ்சம் பொறுமையா படிங்க, முடிவுல ஒருத்தன் செத்துப் போறான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு அமெரிக்கர்கள் 1974ல வெளியிட்டது. மேசையைச் சுத்தி நாலஞ்சு பேர் உக்காந்து, ஆளுக்கொரு பாத்திரமா மாறி, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்தணும். கதையை நடத்துறவருக்கு டன்ஜன் மாஸ்டர்னு பேரு. எங்க மாஸ்டர் பழமைவாதி. 1981ல வந்த பேசிக் விதிகளைத் தவிர வேற எதையும் தொடமாட்டார்.

நான் மந்திரவாதி ஆனேன். சின்ன வயசுல இருந்தே ஆசை :-)

அப்புறம்தான் விதியைப் படிச்சேன். முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதையும் காலையிலயே தேர்ந்தெடுத்து மனப்பாடம் பண்ணிடணும். சொன்னதும் மண்டையில இருந்து அழிஞ்சிடும். கவசம் கிடையாது, ஆயுதம்னா குத்துவாள் மட்டும். நாலு பக்கப் பகடையில விழுறதுதான் உயிர்ப்புள்ளி. எனக்கு விழுந்தது 2.

முதல் ஆட்டம். முதல் அறையிலயே கோப்ளின் கும்பல். தூக்க மந்திரத்தைப் போட்டேன், மொத்தமும் குறட்டை. எல்லாரும் கைதட்டினாங்க. அதுக்கப்புறம் மூணு மணி நேரம் நான் தீப்பந்தம் பிடிச்சுட்டு பின்னாடி நடந்தேன். அவ்ளோதான் என் மாயாஜால வாழ்க்கை.

இந்தப் புலம்பல் எனக்கு மட்டும் இல்லை, விளையாட்டு பிறந்த நாள்ல இருந்தே இருக்கு. இதுக்கு மூலம் ஜாக் வான்ஸ்னு ஒரு எழுத்தாளர். 1950ல வந்த அவரோட 'தி டையிங் எர்த்' புத்தகத்துல மந்திரவாதிகள் கஷ்டப்பட்டு சில மந்திரங்களை மூளைக்குள்ள திணிச்சுப்பாங்க, சொன்னதும் மறந்துடும். கைகாக்ஸுக்கு அது பிடிச்சுப் போச்சு. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர்ல 2022ல வந்த வில்லன் வெக்னா ஞாபகம் இருக்கா? அந்தப் பேரே இந்த விளையாட்டுல இருந்து எடுத்ததுதான். வான்ஸோட ஆங்கில எழுத்துக்களை இடம் மாத்திப் போட்டா வெக்னா!

சரி, ரெண்டாவது ஆட்டத்துக்கு வர்றேன். இந்தத் தடவை உஷாரா இருக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். மறுபடி கோப்ளின்கள், ஆறு பேர். பக்கத்துல இருந்த நண்பன்தான் எங்க போர்வீரன். "டேய், தூங்க வைடா"ன்னான். "இரு மச்சி, உள்ள பெருசா ஏதாவது இருக்கும், அதுக்கு வேணும்"னேன். ரெண்டு சுத்து கழிச்சு அவன் உயிர்ப்புள்ளி பூஜ்யம். இந்த விதிகள்ல பூஜ்யம்னா சாவு, மறுபேச்சே இல்லை.

மிச்சப் பேர் எப்படியோ ஜெயிச்சு உள்ள போனோம். நான் எதிர்பார்த்த அந்தப் 'பெருசு' வந்துச்சு. எலும்புக்கூடுகள். செத்ததுகளுக்குத் தூக்க மந்திரம் பலிக்காது.

நண்பன் ஒண்ணும் சொல்லலை. அமைதியா புதுப் பாத்திரத்துக்குப் பகடை உருட்டிட்டு இருந்தான். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இந்தக் குறையை அடுத்தடுத்த பதிப்புகள் சரிபண்ணப் பாத்தது உண்மை. 2000ல சார்சரர்னு ஒரு வகை வந்துச்சு. தெரிஞ்ச மந்திரங்கள்ல எதை வேணா அந்த நேரத்துல சொல்லலாம், காலையில ஜோசியம் பாக்க வேண்டாம். ஆனா எண்ணிக்கைக் கணக்கு அப்படியே இருந்துச்சு. 2008ல எல்லாருக்குமே எப்பவும் செய்யக்கூடியது, சண்டைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு பிரிச்சாங்க. மந்திரவாதிக்கும் போர்வீரனுக்கும் வித்தியாசமே தெரியலைன்னு அதுக்கும் புலம்பல். 2014ல சின்ன மந்திரங்கள் அளவில்லாம, பெருசுக்கு மட்டும் கணக்குன்னு ஆச்சு.

அந்த 2014 விதியிலயும் வேற ஒரு குழுவோட விளையாடிப் பாத்தேன். ஜாலிதான், ஒவ்வொரு சுத்துலயும் நெருப்பு வீசலாம். தீப்பந்தம் பிடிச்சுட்டு சும்மா நிக்கற கொடுமை சுத்தமா போயிடுச்சு. அந்த மாற்றம் நியாயம்னுதான் சொல்வேன். தீர்ந்ததும் வேடிக்கை பாக்கற மூணு மணி நேரம் யாருக்கும் வேண்டாம். ஆனா நான் வீசின நெருப்பு ஒண்ணு கூட இப்ப ஞாபகத்துல இல்லை.

சொல்லாம வெச்சிருந்த அந்த ஒரு மந்திரம் மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சப்பவும் அது என் தாள்ல அடிக்கப்படாம அப்படியே இருந்துச்சு.

டிஸ்கி: நண்பன் இப்பவும் எங்ககூடத்தான் விளையாடுறான். போர்வீரனா இல்லை, மந்திரவாதியா. "இனி உன்னை நம்ப முடியாதுடா"ங்கறான் :-)