ஸ்காபரோவில் சிலுவைப் பணிஸ்

2025இல் சித்திரை வருஷப்பிறப்பு முடிஞ்சு நாலு நாளில், ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. ஒன்ராறியோவில் லீவு. ஸ்காபரோவில் எங்கட வீட்டிலேயே சிலுவைப் பணிஸ் சுட்டோம்.

500 கிராம் கோதுமை மா, 7 கிராம் ஈஸ்ற், பிளம்ஸ், தோடம்பழத் தோல். கறுவா மட்டும் தமிழ்க் கடையில் வாங்குங்கோ. இலங்கைப் பட்டை மெல்லிசு, கையாலேயே நொறுங்கும். இங்கத்தைக் குளிரில் மா பொங்க நேரமெடுக்கும். அவணைச் சூடாக்காமல், உள் லைற்றை மட்டும் போட்டு வைத்தால் ஒன்றரை மணித்தியாலத்தில் இரட்டிக்கும். மாவும் தண்ணியும் குழைத்துச் சிலுவை கீறி, 190 பாகையில் 20 நிமிடம்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வீடியோவில், "பணிஸ் பொங்கிட்டுதோ?" என்று கேட்டா. எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்லும் மகள், மா ஒட்டின கையைக் காட்டி, "பொங்கிட்டுது, அம்மம்மா" என்றாள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்போடு அடுப்படியையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.