சத்தம் கூடினால் சக்தி கூடுமா?

க்ரூஸர் பைக்கில் சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியதும் வண்டி உறும ஆரம்பிக்கும். ஓட்டுபவருக்கு சந்தோஷம்தான். ஆனால் கார்புரேட்டருக்கு இந்தச் சேதி தெரியாதே! 2006 வரை வந்த ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர்களில் இதே கதைதான். புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கம்பெனியிலேயே பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்துத்தான் வைத்திருப்பார்கள். இப்போது காற்று வேறு கூடிவிட்டது. ஆக்சிலேட்டரை விட்டால் 'பட் பட்'டென்று வெடிக்கும். இதை ஸ்டைல் என்று நினைப்பவர்களும் உண்டு... அப்படியே விரட்டினால் இன்ஜின் கொதித்து, பிஸ்டனுக்கே வேட்டு!

வைத்தியம் வீட்டிலேயே நடக்கும். ஒரு நம்பர் பெரிய ஜெட் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றினால் போதும். வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றவில்லை, கரி பிடித்திருந்தால் அதிகம். இளம்பழுப்பு வரும்வரை விடக்கூடாது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது. இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பது மட்டும் ஷெட்டுக்கு வெளியே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.