ஒரே டிக்கெட்டில் கொழும்பு

ஸ்ரீரங்கத்துப் பெருமாள் தெற்கே பார்த்துப் படுத்திருக்கிறார். விபீஷணன் இலங்கைக்கு எடுத்துக்கொண்டு போன விமானம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இறக்கி வைத்த இடத்தில் ஊன்றிக்கொண்டுவிட்டது. அழுது நின்றவனிடம், இங்கிருந்தபடியே உன் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பெருமாள் வாக்குக் கொடுத்ததாகத் தலபுராணம். விமானத்தைக் கீழே வைத்த பையனைத் துரத்திப் போய் விபீஷணன் குட்டிய குட்டுதான் மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் தலையில் இருக்கும் பள்ளம் என்பார்கள். ஆக, திருச்சிக்கும் இலங்கைக்கும் உள்ள உறவே பாதியில் நின்றுபோன ஒரு பயணத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ரயில் வந்த பிறகு ஐம்பது வருடம் அந்தப் பயணம் நிற்காமல் நடந்தது. 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறந்ததும், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு 22 மைல் கப்பல், தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக் கோட்டைக்கு மறுபடி ரயில். போட் மெயில் என்று பெயர். ஒரே டிக்கெட்டில் கடலும் அடக்கம். இதில் திருச்சிக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. வண்டியை ஓட்டிய தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்குத் தலைமையகம் இங்கேதான் இருந்தது. 1951-இல் தெற்கு ரயில்வே உருவாகி அதிகாரம் சென்னைக்குப் போனது. சென்னை–ராமேஸ்வரம் வண்டியை இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். போட் போய்விட்டது, மெயில் ஓடுகிறது.

அந்தப் பாதையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்ப் பார்க்க வேண்டும் என்பது எனக்கும் என் நண்பனுக்கும் கல்லூரிக் கால ஆசை. ஒரே மூச்சில் இன்றைக்கு அது நடக்காது. இலங்கைப் பாதியை 2023-இல், காந்தி ஜயந்தி திங்கட்கிழமை வந்ததால் கிடைத்த நீண்ட வார இறுதியில் பார்த்தோம். இந்தியப் பாதிக்கு, பாம்பனில் புதுப் பாலம் திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இங்கே வரிசையை மாற்றி, வண்டி போகிற திசையிலேயே எழுதுகிறேன்.

திருச்சி ஜங்ஷனில் காலையில் கிளம்பும் ராமேஸ்வரம் வண்டி. நண்பனுக்கு ஸ்ரீரங்கம் சித்திரை வீதி. அவன் அம்மா வாழை இலையில் கட்டிக் கொடுத்த புளியோதரை கீரனூர் தாண்டும் முன்பே காலி. புதுக்கோட்டை, திருமயம், செட்டிநாடு, காரைக்குடி என்று போகிற இந்தத் தடம் 1930 வாக்கில்தான் வந்தது. அதற்கு முன் போட் மெயில் மதுரை சுற்றிப் போனது. வெளியே பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கருவேல மரம், வறண்ட கண்மாய், நடுவில் திடீரென்று ஒரு செட்டிநாட்டு வீட்டின் முதுகு. அந்த வீடுகளைக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு கொழும்பில் வட்டிக்கு விட்டுச் சம்பாதித்தது. கொழும்பில் நகைக்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்கு இன்றும் செட்டியார் தெரு என்றே பெயர். கதிரேசன் கோவில்களும் அங்கேதான். மானாமதுரையில் மதுரைப் பாதை வந்து சேர்கிறது. கச்சேரிக்குக் கடம் செய்கிற ஊர். பரமக்குடி, ராமநாதபுரம் கடந்து உச்சிப்புளி தாண்டினால் காற்றில் உப்பு வந்துவிடும்.

மண்டபத்தில் வண்டி நின்றபோது நண்பன் முகாமைக் காட்டினான். செட்டியார்கள் போன பாதையில்தான் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் போனதும். ஆனால் ஒரே வண்டியில் போனாலும் ஒரே பயணம் இல்லை. ரயிலுக்கு முன்பு, மன்னார்க் கரையில் இறங்கிய கூலி ஜனங்கள் மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். காலராவில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட முதலாளிகள் ஆள் சேர்ப்பதை ஒழுங்குபடுத்த இலங்கைத் தொழிலாளர் கமிஷன் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதன் தலைமை அலுவலகம் எங்கே? திருச்சியில். கங்காணி கூட்டி வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு தகர டிக்கெட். வட்டத் தகடு, அதில் தோட்டத்தின் எண் குத்தியிருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டவர் பைசா கொடுக்காமல் ரயிலும் கப்பலும் ஏறித் தோட்டம் வரை போய்ச் சேரலாம். ஏறியவருக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. தகட்டைப் படிக்கிறவர்கள் வழியெல்லாம் இருந்தார்கள். செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறும். கங்காணியின் முன்பணத்தோடு தொடங்குகிற கடன் ஆயுள் முழுக்க ஓடும். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்களைத் தங்கவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலுக்கு விட்டார்கள்.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். அந்தத் தோட்ட மக்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவாயிற்று. பேரப்பிள்ளைகள் அதே பாதையில் திரும்பி வந்தார்கள், இந்த முறை டிக்கெட் இல்லை, 'தாயகம் திரும்புவோர்' என்ற பெயர் மட்டும். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த அகதிகளும் இதே மண்டபத்துக்குத்தான் வந்தார்கள். ஒரே இடம், மூன்று தலைமுறை வரிசை.

பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, அதனால் சுருக்கமாக. பழைய பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கப்பல் வந்தால் நடுவில் இரண்டு கையாகப் பிரிந்து திறக்கும். 1964 புயலில் அடித்துப் போனதை, ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சரிசெய்தார்கள். 2007-இல் அகலப் பாதை ஆயிற்று. 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் ஓடுவது நின்றது. அதன் பிறகு இரண்டு ஆண்டுக்கு மேல் வண்டிகள் மண்டபத்தோடு சரி. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று லிஃப்ட் போல நேராக மேலே ஏறி, கப்பலுக்கு வழிவிடுகிறது. வண்டி பாலத்தில் ஏறியதும் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கு வந்தார்கள். பழைய பாலம் பக்கத்திலேயே துருப்பிடித்து நின்றது. எனக்கென்னவோ பார்வைக்கு இன்னமும் அதுதான் அழகு.

ராமேஸ்வரத்தோடு தண்டவாளம் முடிகிறது. தனுஷ்கோடிக்குச் சாலைதான். 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியைத் தொடும் முன்பே கடல் எடுத்துக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். ஊரும் போயிற்று. ஸ்டேஷன் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் மாதா கோவில் சுவரும் மிச்சம். கோதண்டராமர் கோவில் மட்டும் முழுதாகத் தப்பியது. விபீஷணனுக்கு ராமர் பட்டம் கட்டிய இடமாம். "பார்த்தியா மாப்ள, எங்க ஆளு இங்கேயும் இருக்கான்" என்றான் ஸ்ரீரங்கத்தான். அரிச்சல்முனையில் அவன் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: இலங்கைக்கு நல்வரவு. அக்கரைக் கோபுரத்தின் சிக்னல். ஆளுக்கு அனுமதி இல்லாத இடத்துக்குப் போன் போய்விட்டது.

புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ராமானுஜம் என்ற கப்பல் தலைமன்னாருக்கு ஓடியது. எண்பதுகளின் முதல் பாதியில், போர் தொடங்கியதும் அதுவும் நின்றது. 2019 மார்ச்சில் ராமேஸ்வரம்–தனுஷ்கோடிப் பாதையை மறுபடி போடப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். தண்டவாளம் வரவில்லை.

அதனால்தான் 2023-இல் நாங்கள் கடலை மேலே தாண்டினோம். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. புது முனையம் அப்போது கட்டி முடியும் நிலையில் இருந்தது. இணையத்தில் விசா, முதுகில் ஒரு பை, கையில் சேமிப்புப் பணம். இரண்டு மாணவர்களுக்கு இதைவிடச் சுலபமான வெளிநாடு கிடையாது. ஆனால் விமான நிலையத்துக்கு வெகு அருகில்தான் இலங்கை அகதிகளின் கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. எங்கள் வகுப்பில் படித்த ஒருவன் அங்கேதான் பிறந்து வளர்ந்தான். எங்களோடு வர அவனுக்குத்தான் அதிக ஆசை, அதிகக் காரணமும். பாஸ்போர்ட் கிடையாது. "போட்டோ எடுத்துட்டு வாங்கடா" என்றான்.

அந்தச் சமயம் நம் ஒரு ரூபாய்க்கு அங்கே ஏறக்குறைய நான்கு ரூபாய். பையில் ஆயிரக்கணக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் செட்டியார்களாக உணர்ந்தோம், முதல் சாப்பாட்டுக்குப் பில் வரும் வரை. கொழும்பைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, பாதைக்கு வருகிறேன். கோட்டை ஸ்டேஷனில் தலைமன்னார் வண்டி. பொல்காவெல, குருணாகல், மாகோ, அநுராதபுரம். தென்னந்தோப்பு குறைந்து வயலாகி, வயல் குறைந்து காடாகிறது. கூடையில் வடை விற்றுக்கொண்டு வருகிறவரிடம் வாங்கினால், பருப்பு வடையின் நடுவில் முழு இறால், ஓட்டோடும் மீசையோடும், பதித்து வைத்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பழைய நோட்டுத் தாளில் மடித்துத் தருகிறார்கள். சைவக்காரன் மீசையைப் பார்த்ததும் என்னிடம் தள்ளிவிட்டான்.

மதவாச்சியில் பாதை பிரிகிறது. அங்கிருந்து தலைமன்னார் துறை வரை 106 கிலோமீட்டர். போர்க்காலத்தில், 1990-இல், இந்தக் கிளையில் வண்டி நின்றது. தண்டவாளமும் கட்டைகளும் பதுங்குகுழிக்குப் போயின. இந்தியக் கடனில், இந்திய அரசு நிறுவனமான இர்கான் மறுபடி போட்ட பாதையில், 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை வண்டி வந்தது. இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் நம் பக்கம் மீட்டர் கேஜ், அவர்கள் பக்கம் அகலப் பாதை. இன்றைக்கு இரண்டு பக்கமும் ஒரே அகலம். இணைப்பு இருந்தபோது அளவு பொருந்தவில்லை. அளவு பொருந்திய பிறகு இணைப்பு இல்லை.

மடு ரோட்டில் ஏறிய பெரியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தம்பிமார் எங்க இருந்து வாறியள்?" என்றார்.

"திருச்சிங்க ஐயா."

"திருச்சியோ? எங்கட ஆக்கள் கனபேர் அங்க கேம்பில இருக்கினம்."

தொண்ணூறில் மண்டபத்துக்குப் படகில் போய், பல வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தை எங்களைவிட நன்றாக விவரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்டு சொல்லவேணும். உங்கட பெரிய போட்டுகள்தான் எங்கட வலையள அறுக்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பதில் எங்களிடம் இல்லை. இழுவைமடிப் படகுகள் அந்தக் கடலில் செய்வதை ராமேஸ்வரத்திலேயே கேள்விப்பட்டிருக்கிறோம்.

முருங்கன் தாண்டி மாதோட்டம். சம்பந்தர் பாடிய திருக்கேதீச்சரம் பக்கத்தில்தான். பிறகு கடலுக்கு நடுவே மேட்டில் ஓடி வண்டி மன்னார்த் தீவில் நுழைகிறது. மன்னார் டவுனில் கழுதைகள் உரிமையோடு திரிகின்றன. பேசாலைப் பக்கம் பனைகளுக்கு மேலே காற்றாலைகள். தம்பபவனி என்ற அந்தத் திட்டத்தில் 30 விசிறிகள் 2020-இல் வந்தன. கடைசியில் தலைமன்னார் துறை. எங்களோடு இறங்கியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஸ்டேஷனை ஒட்டிக் கடல், ஒரு கலங்கரை விளக்கம், சிதைந்த பழைய இறங்குதுறை, மீன்பிடிப் படகுகள். மணலும் பனையும் காற்றும் அப்படியே தனுஷ்கோடி. முகாம் நண்பனுக்காக எல்லாவற்றையும் படம் எடுத்தோம்.

2011 ஜனவரியில் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தத்தில் இரண்டு கப்பல்கள் உண்டு. தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் அந்த ஜூனில் ஆரம்பித்து அந்த ஆண்டே நின்றது. ராமேஸ்வரம்–தலைமன்னார்க் கப்பல் ஆரம்பிக்கவே இல்லை. நாங்கள் திரும்பிய அதே அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் விட்டார்கள். சில நாளில் நிறுத்தி, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். ஆக, மனம் வைத்தால் நடக்கிற காரியம்தான் இது. ஆனால் தலைமன்னார் என்றதும் உடனே பாலம், சுரங்கப்பாதை என்று பெரிய பேச்சு கிளம்பிவிடுகிறது. பவளப்பாறையும் மீனும் உள்ள அந்தக் கடலில் தூண் நட வேண்டியதில்லை. தண்டவாளம் இக்கரையில் ராமேஸ்வரம் வரை புதிது, அக்கரையில் துறை வரை புதிது. நடுவில் வேண்டியது ஒரு கப்பலும், இரண்டு துறைகளும், மாணவன் கையிருப்புக்குத் தாங்குகிற கட்டணமும்தான். முகாமில் பிறந்தவனுக்குப் பயணப் பத்திரமும் சேர்த்து. இந்த இரண்டையும் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியாக வாங்கிக்கொள்ளாமல், தேதி போட்டுக் கேளுங்கள்.