எக்ஸ்பெண்ட் பண்ணியாச்சா?

மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் அரசு அலுவலகக் கணக்கு செக்‌ஷனில் ‘சாப்பிட்டாச்சா’ என்று யாரும் கேட்கமாட்டோம். ‘எக்ஸ்பெண்ட் பண்ணியாச்சா?’ என்பதுதான் நலம் விசாரிப்பு. கோப்பில் ‘செலவினம்’ என்று அழகாகத் தமிழில் எழுதுகிற ஆளுக்கும் வாயில் வருவது அந்த ஆங்கில வினைதான். அதே ஆள் சாயங்காலம் கத்தரிக்காய் வாங்கும்போது எக்ஸ்பெண்ட் பண்ணமாட்டார். அங்கே வெறும் செலவு. ஊரார் பணம், அதுவும் கெடு வைத்து வந்த பணம் என்றால்தான் எக்ஸ்பெண்ட்.

ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். ஸ்பெண்ட், எக்ஸ்பெண்ட் இரண்டும் நிறுத்துக் கொடுப்பதைக் குறித்த ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை. பணத்தை எடைபோட்டுக் கொடுத்த காலத்துச் சொல். விடுமுறையை ஸ்பெண்ட் பண்ணலாம்; எக்ஸ்பெண்ட் பண்ண முடியாது. பணம், உழைப்பு, தோட்டா என்று கையிருப்பிலிருந்து கரைவனவற்றுக்கே அது பொருந்தும். கரைந்ததைச் சொல்லுமே தவிர, அதனால் கிடைத்தது என்ன என்று அந்த வினை சொல்லாது. இது எனக்குப் புரிந்தபோது நான் கணக்குப் பிரிவில் கண்காணிப்பாளர். அதுவரை மார்ச் மாதத்தில் என்னைப் போல் வேலை செய்ய ஆள் கிடையாது என்ற நினைப்பு எனக்கு. மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டு நமக்கு 1867இல் வந்தது. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ அனுமதிக்கும் தொகைக்கு ஓராண்டுதான் ஆயுள். மார்ச் 31 தாண்டினால் மிச்சப் பணம் லாப்ஸ். முன்கூட்டியே திருப்பிக் கொடுத்தால் அதற்குப் பெயர் சரண்டர். சிக்கனமாக இருந்தவனுக்கு மொழி கொடுக்கும் மரியாதையைப் பாருங்கள்! சரண்டர் செய்த அலுவலகத்துக்கு அடுத்த வருட மதிப்பீட்டில் கை வைப்பார்கள். ‘போன வருஷம் கொடுத்ததையே செலவு பண்ணலையே’ என்ற ஒரு வரி போதும். இத்தனைக்கும் இரண்டாம் தவணைப் பணம் வந்து சேர்வதே பிப்ரவரிக் கடைசியில்தான். பிறகு கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், சப்ளை ஆர்டர், கருவூலத்தில் பில் போட்டு டோக்கன் எல்லாம் நாலு வாரத்துக்குள். கணக்கு குமாஸ்தாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

விதி தெரியாமலும் இல்லை. ஆண்டுக் கடைசியில் அவசரமாகச் செலவை அள்ளிக் கொட்டுவது நிதி ஒழுங்கை மீறுவதாகும் என்று மத்திய அரசின் பொது நிதி விதிகளே சொல்கின்றன. கடைசிக் காலாண்டில் 33 சதவீதம், மார்ச்சில் மட்டும் 15 சதவீதம் என்று மத்திய நிதி அமைச்சகம் தன் துறைகளுக்கு உச்சவரம்பும் வைத்திருந்தது. சுற்றறிக்கையைக் கோப்பில் சேர்த்துவிட்டு டோக்கனுக்கு ஓடுவோம்.

அப்படி ஒரு மார்ச்சில் வாங்கியவைதான் அந்த யூ.பி.எஸ். பேட்டரிகள். மத்திய திட்டம் ஒன்றின் பணம். கணினி அறைக்கு வயரிங் செய்ய வேண்டிய தொகை வேறு கணக்குத் தலைப்பில் இருந்தது, அது வரவில்லை. அறை இல்லாமல் பேட்டரி எதற்கு என்று இளநிலை உதவியாளர் கேட்கத்தான் செய்தார். “அறை அடுத்த வருஷம் வரும்ப்பா, பணம் வராது” என்றேன். பெட்டிகள் மாடிப்படிக்குக் கீழே அடுக்கப்பட்டன. இருப்புப் பதிவேட்டில் பதிவு, பில் பாஸ், செலவின அறிக்கையில் நூறு சதவீதம். அலுவலர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

ஈய அமில பேட்டரியை வாங்கி வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. சும்மா இருந்தாலும் மின்னூட்டம் தானாக இறங்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றாவிட்டால் தகடுகளில் ஈயச் சல்பேட் படிந்து கெட்டிப்பட்டுவிடும். பிறகு என்ன ஏற்றினாலும் நிற்காது. நம் ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். எங்களுடையவை ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் படிக்குக் கீழே கிடந்து, அடுத்த கோடையையும் பார்த்தன.

அப்புறம் ஏ.ஜி. ஆடிட், அதாவது மாநிலக் கணக்காயர் அலுவலகத் தணிக்கை, வந்தது. வந்த மேடம் பேரேட்டைப் பார்த்த கையோடு எழுந்து நடந்தார். படிக்குக் கீழே குனிந்து, ஒரு பெட்டியின் மேல் படிந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்து, அச்சிட்ட தேதியைப் படித்தார். நாடா கூடப் பிரிக்கப்படவில்லை.

“சார், இதுக்கு யூ.சி. கொடுத்திருக்கீங்களே?”

“பொருள் வந்து, பணம் கொடுத்தாச்சு மேடம். முழுக்க எக்ஸ்பெண்ட் ஆயிடுச்சு.”

“ஆயிடுச்சு. ஆனா யூ.சி. படிவத்துல அந்த வார்த்தையே கிடையாதே சார்.”

எடுத்துப் பார்த்தேன். யூ.சி. என்கிற பயன்பாட்டுச் சான்றிதழில் இருப்பது யுடிலைஸ்டு என்ற வேறு வினை. எந்த நோக்கத்துக்காக அனுமதிக்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கே தொகை பயன்பட்டது, அதைச் சரிபார்த்துத் திருப்தியடைந்தேன் என்று கையெழுத்துப் போடும் படிவம் அது. வருடா வருடம் நான் தயாரித்து, அலுவலரிடம் நீட்டி, ‘இங்க ஒரு சைன் சார்’ என்று விரல் வைத்துக் காட்டிய காகிதம். தொகை எழுதும் கட்டத்தைத் தவிர வேறு எதையும் நான் படித்ததில்லை. முன்பணமாகக் கொடுத்துவிட்டு, பொருள் வராத இனங்களையும் அதே கட்டத்தில் கூட்டிச் சேர்த்திருக்கிறேன்.

ஹாஃப் மார்ஜின் என்கிற தணிக்கைக் கேள்விக் குறிப்பு வந்தது, பதில் எழுதினோம். பேட்டரிகள் பழைய பொருள் ஏலத்தில் போயின. அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது மத்திய திட்டப் பணத்துக்குப் பி.எஃப்.எம்.எஸ். என்கிற பொது நிதி மேலாண்மை மென்பொருள் வந்துவிட்டது. அதில் பணம் வெளியே போகும் பதிவுக்கு ஈ.ஏ.டி. என்று பெயர்: செலவு, முன்பணம், மாற்றல். மூன்றில் எது என்று முதலில் சொல்லியாக வேண்டும். நாங்கள் ஒரே வினைக்குள் திணித்ததை அது மூன்றாகப் பிரித்துக் கேட்கிறது. 2021 முதல் ஒரு மாநிலத்தில் ஒரு திட்டத்துக்கு ஒரே முகமை, ஒரே வங்கிக் கணக்கு என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. பணத்தை எடுத்து எங்காவது போட்டு வைக்கும் பழக்கத்துக்கு அது நல்ல கடிவாளம். ஆனால் பெட்டியைப் பிரித்தார்களா என்று எந்த மென்பொருளும் குனிந்து பார்க்காது.

ஆடிட்டுக்கு அடுத்த வருடச் செலவின அறிக்கையில் ஒதுக்கீடு, செலவு, மீதம் என்ற மூன்று கலங்களுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒன்றைக் கோடு போட்டுச் சேர்த்தேன். ‘தற்போது பயன்பாட்டில் உள்ளதா?’ என்பது தலைப்பு. புதிதாக வந்திருந்த அலுவலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார்.

“இந்தக் கலத்தை யாருங்க கேட்டாங்க?”

“யாரும் கேட்கலை சார்.”

“அப்போ மேல போற காப்பில வேண்டாம். ஆஃபீஸ் காப்பில இருக்கட்டும்.”

அப்படியே செய்தோம். ஓய்வு பெறும் வரை ஆஃபீஸ் காப்பியில் அந்தக் கலத்தை நான்தான் நிரப்பினேன். சில வரிகளில் ‘இல்லை’ என்று எழுத வேண்டியிருந்தது.