ஐந்தாம் நம்பர் பூட்ஸ்

மாசி மாதக் கடைசியில் ஊரிலிருந்து சித்தி போன் செய்தார். "பங்குனி பிறந்ததும் கண்மாய் அழிக்கிறாங்களாம். அக்காகிட்டச் சொல்லிரு."

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். அங்கே கண்மாயை அழிப்பது என்றால் மீன்பிடித் திருவிழா. அறுவடை முடிந்து, தண்ணீர் தொடை அளவுக்கு வற்றியிருக்கும்போது நாள் குறிப்பார்கள். பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் சுத்துப்பட்டுச் சனமெல்லாம் உள்ளே இறங்கும். வலை, ஊத்தா, கச்சா, கூடை, பழைய சேலை என்று கையில் எது கிடைத்ததோ அது.

அம்மா பத்து வயதிலிருந்து இறங்குகிறார். ஊத்தா அவருக்குக் கைவந்த கலை. மேலும் கீழும் திறந்திருக்கும் அந்த மூங்கில் கூடையைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையைவிட்டுத் துழாவி மீனை எடுக்க வேண்டும். கெளுத்தியின் முள்ளில் படாமல் அதன் கழுத்தைப் பிடிக்க அம்மாவுக்குக் கண்ணே தேவையில்லை. அப்பா உயிரோடிருந்தவரை கரையில்தான் நிற்பார், சாக்கைப் பிடித்துக்கொண்டு. எங்கள் குடும்பத்தில் அம்மா "என் இஷ்டம்" என்று சொல்லிக்கொண்டு செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது அம்மாவுக்கு 61 வயது. அப்பா போன பிறகு திருநகரில் எங்களோடு இருக்கிறார். சர்க்கரை வந்து 14 வருடமாகிறது. போன ஆனியில் ஒருநாள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தார். படியெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொட்டு. குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. "எப்பக் குத்துச்சுன்னே தெரியலத்தா" என்றார். வலியை மறைக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையிலேயே வலிக்கவில்லை.

டாக்டரம்மா பாதத்தில் ஒரு நைலான் இழையை வைத்து, அது வளையும்வரை அழுத்தி, "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். தூண்டிலுக்குக் கட்டும் நரம்பு மாதிரியே இருந்தது அது. கண்ணை மூடிக்கொண்டிருந்த அம்மா சில இடங்களில் பதிலே சொல்லவில்லை. இழை தொட்டதே அவருக்குத் தெரியவில்லை. கால் நரம்பு உணர்ச்சி இழக்கத் தொடங்கிவிட்டது, வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா.

அதனால் சித்தியின் போன் வந்தபோது வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை. தம்பி சொன்னான்: "இனிமே கண்மாயாவது கிண்மாயாவது. பேசாம வீட்ல இரும்மா." என் கணவரும் அதையே சொன்னார். நானும்தான் சொன்னேன். "மீன் வேணும்னா மார்க்கெட்ல வாங்கித் தாரேம்மா" என்றேன். அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து போய் அரிசி களைந்தார்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். வாசலில் கழற்றிவிட்ட அவன் ஷூவைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்கு 40 வயது. அவனுக்கும் சர்க்கரை. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை. தரையெல்லாம் இரும்புச் சீவல். அவனுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் யாரும் "வீட்ல இரு" என்று சொல்லவில்லை. விரலுக்கு மேல் இரும்புத் தகடு வைத்த ஷூ கொடுத்தார்கள். அவ்வளவுதான், பிரச்சினை முடிந்தது.

ஆணுக்கு ஆபத்து என்றால் ஷூவைத் தேடுகிறோம். பெண்ணுக்கு ஆபத்து என்றால் கதவைச் சாத்துகிறோம்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். "அது வேலைக்கா. இது விளையாட்டு" என்றான். நியாயம் மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் வேலை என்றாலும் பெண்களுக்கு யார் கொடுத்தார்கள்? பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்கள், பாறையும் பவளமும் கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் கடலுக்குள் மூழ்குகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அதுதான் பிழைப்பு. தங்களுக்கு வேண்டிய கவசத்தைத் தாங்களே பழந்துணியில் செய்துகொள்கிறார்கள். மதுரையைச் சுற்றி நாற்று நடும் பெண்கள் செருப்பை வரப்பில் விட்டுவிட்டுத்தான் சேற்றில் இறங்குகிறார்கள். சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டு மறுநாளும் போகிறார்கள். வேலையோ விளையாட்டோ, தண்ணீரில் இறங்கும் பெண்ணின் காலைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே பூட்ஸ் தேடக் கிளம்பினேன்.

டவுனில் பாதுகாப்புச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் கம்பூட் கேட்டேன். "சாருக்கு என்ன சைஸ்க்கா?" என்றார் கடைக்காரர். சாருக்கு இல்லை, அம்மாவுக்கு என்றதும் சிரித்துவிட்டு, "லேடீஸுக்கு வர்றதில்லக்கா. ஆறுக்குக் கீழ கிடையாது" என்றார். அம்மாவுக்கு ஐந்து. ஆறாம் நம்பரை வாங்கி, இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்தேன்.

மறுநாள் காலை அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாய்க்குப் போனேன். கரையோரம் கணுக்கால் தண்ணீரில் நடந்து பார்க்கச் சொன்னேன். மூன்றாவது எட்டில் அம்மாவின் கால் மட்டும் வெளியே வந்தது. பூட்ஸ் சேற்றிலேயே நின்றது. அம்மா ஒற்றைக் காலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கரையில் மாடு மேய்த்தவர் திரும்பிப் பார்த்தார்.

யோசித்தால் காரணம் எளிது. களிமண்ணில் புதைந்த காலைத் தூக்கும்போது அடியில் காற்றுப் புக வழியில்லை. மண் பிடித்து இழுக்கும். கணுக்காலை இறுக்கிப் பிடிக்காத பூட்ஸ் அதற்குத் தோற்றுவிடும். தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் மேல்வாய் வழியாக உள்ளே நிறையும். நிறைந்த தண்ணீர் வெளியேற வழி கிடையாது. ஓரிடத்தில் நின்று தொழுவம் கழுவ, சாக்கடையோரம் வேலை பார்க்கக் கம்பூட் சரி. கண்மாய்க்குள் நடந்து மீன் பிடிக்க அது ஆகாது.

வெளிநாட்டில் ஆற்றில் இறங்கி மீன் பிடிப்பவர்களுக்கென்றே பூட்ஸ் செய்கிறார்கள் என்று அதன்பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீரை வெளியே நிறுத்த அவை முயல்வதே இல்லை. உள்ளே வந்த தண்ணீர் ஓடிப்போகப் பக்கவாட்டில் ஓட்டை வைத்திருக்கிறார்கள். கயிறு கட்டிக் கணுக்காலை இறுக்கிக்கொள்ளலாம். வழுக்கும் கூழாங்கல்லுக்குக் கம்பளி மாதிரியான ஃபெல்ட் அடி உண்டு. அந்த ஃபெல்ட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு பாசி ஆறு விட்டு ஆறு பரவுகிறது என்று நியூசிலாந்தில் 2008ல் அதைத் தடையே செய்துவிட்டார்கள். எங்கள் கண்மாயில் கூழாங்கல் கிடையாது, களிமண்தான். ஆகவே ரப்பர் அடி போதும். அதன் பள்ளங்கள் நெருக்கமாக இருந்தால் மண் அப்பி வழுவழுப்பாகிவிடும், அகலமாக இருக்க வேண்டும்.

பெண்களுக்கென்றே தனி அச்சில் செய்த பூட்ஸும் அங்கே இருக்கிறது. பெண்ணின் பாதம் ஆணின் பாதத்தைச் சுருக்கியது அல்ல. முன்பாதத்தோடு ஒப்பிட்டால் குதிகால் ஒடுங்கியிருக்கும். ஆண் அச்சில் செய்த ஷூவைச் சின்னதாக்கிக் கொடுத்தால் விரல்கள் நெருக்கும், குதிகால் நழுவும். சர்க்கரைக்காரருக்கு இந்த உரசலே புண்ணாகப் போதும். ஆனால் விலையைப் பார்த்துவிட்டு போனை மூடி வைத்துவிட்டேன்.

வழி காட்டியது டாக்டரம்மாதான். மீன் பிடிக்கப் போகலாமா என்று பயந்துகொண்டே கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். காலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "புண் இல்லை, ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. போகவே வேண்டாம்னு சொல்றது எனக்கு ஈஸி. நாலு விஷயத்துக்குச் சம்மதிச்சா போகட்டும்" என்றார். வெள்ளைச் சாக்ஸ் போட வேண்டும், ரத்தம் கசிந்தால் உடனே தெரியும். பூட்ஸுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காலை விட வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஈரத்தில் கூடாது, தோல் ஊறினால் சுலபமாகக் கிழியும். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்குவரை துடைத்து, அடிப்பாதத்தை இன்னொருவர் பார்க்க வேண்டும். "உள்ள எம்.சி.ஆர். வச்சுத் தைக்கச் சொல்லுங்க" என்றும் சொன்னார்.

எம்.சி.ஆர். செருப்பு நம் ஊர்ச் சர்க்கரைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். அது சர்க்கரைக்காகப் பிறந்ததல்ல என்பது எனக்குத் தெரியாது. 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர். தொழுநோயாளிகளின் கால் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சியில்லாததால் குத்தியதும் உரசியதும் தெரியாமல் நடந்து நடந்துதான் புண்ணாகிறது என்பதை எடுத்துக்காட்டியவர். அழுத்தத்தைப் பரப்பிவிட மிருதுவான ரப்பர், முள் ஏறாமலிருக்க அடியில் கெட்டியான டயர் என்று அவர்களுக்குச் செருப்பு வந்தது. அவர் பிறகு அமெரிக்கா போய் அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் சொன்னார். ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் காலுக்காக யோசித்தது எல்லோருக்கும் உதவியிருக்கிறது.

திருப்பரங்குன்றத்தில் செருப்புத் தைக்கும் ஒரு அண்ணனிடம் போனோம். அவர் அம்மாவை ஒரு தாளின்மேல் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டார். "சாயங்காலம் வந்தது நல்லதும்மா. காலையில அளவெடுத்தா பத்தாது, கால் வீங்கும்ல" என்றார். அம்மாவுக்குக் கூச்சம். தன் காலை இன்னொருவர் இவ்வளவு நேரம் பார்ப்பது அவருக்குப் பழக்கமில்லை. "எங்க ஆத்தா கடைசிவரைக்கும் செருப்பே போட்டதில்ல" என்றார். போட ஆசைப்பட்டாரா என்று கேட்டேன். "யாரு கேட்டா?" என்றார். யார் காலில் செருப்பு இருக்கலாம், எந்தத் தெருவில் அதைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சாதி முடிவு செய்த ஊர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. அதற்குள் பெண்ணின் காலுக்கு இன்னொரு வரிசை, கடைசி வரிசை.

அண்ணன் யோசனைப்படி, பையன்கள் போடும் கணுக்கால் உயரக் கான்வாஸ் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினோம். முன்பக்கம் அகலம், கயிறு கட்டுவது. உள்ளே எம்.சி.ஆர். வெட்டி வைத்தார். அடியில் டயர் ரப்பர் ஒட்டித் தைத்தார். பக்கத்துக்கு இரண்டாக ஓட்டை போட்டு, துணி கிழியாமல் வளையம் அடித்தார். நழுவுகிற குதிகாலுக்கு உள்ளே ஒரு பட்டி. அம்மா ஒரு வாரம் அதைப் போட்டுக்கொண்டு திருநகர்த் தெருவில் நடந்து பழகினார். நைட்டியும் பூட்ஸுமாகக் கோலம் போட்ட அம்மாவை எதிர்வீட்டில் விநோதமாகப் பார்த்தார்கள். ஒருநாள் கழற்றிய பிறகு பார்த்தால் சுண்டுவிரல் ஓரம் சிவந்திருந்தது. திரும்பப் போய் அந்த இடத்தை இளக்கி வாங்கி வந்தோம். அம்மா சொல்லி எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்தது.

பங்குனியில் துண்டு வீசினார்கள். அம்மா சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, பூட்ஸுக்குள் கைவிட்டுத் தடவி, கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டு இறங்கினார். கரையில் கேலி இல்லாமல் இல்லை. "என்னக்கா, பட்டாளத்துக்கா?" என்றான் ஒரு பையன். "ஆமாடா, நீயும் வாறியா?" என்றார் அம்மா. ஊத்தா மேலே போவதும் கீழே இறங்குவதுமாக அந்தக் கூட்டத்தில் அம்மாவின் தலை மட்டும் எனக்குத் தெரிந்தது. கரையில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன், அப்பா மாதிரி.

அரை மணியில் கூப்பிட்டேன். நாற்பது நிமிடத்தில் வந்தார். சாக்கில் நாலைந்து ஜிலேபி, கொஞ்சம் கெண்டை, ஒரு கெளுத்தி. விரால் கையில் சிக்கி நழுவிவிட்டதாம், பஸ்ஸில் வரும்வரை அதன் நீளம் கூடிக்கொண்டே போனது. பூட்ஸ் நனைந்ததும் கனத்துவிட்டது, காய இரண்டு நாளாயிற்று, ஒரு பக்க எம்.சி.ஆர். பெயர்ந்துவிட்டது. குறையில்லாத பூட்ஸ் அல்ல.

கரையில் காலைக் கழுவித் துடைத்துத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைச் சாக்ஸ் சேற்று நிறமாகியிருந்தது, சிவப்பு இல்லை. பூட்ஸைக் கவிழ்த்தேன். டயர் அடியில் ஒரு சீமைக்கருவேல முள் ஒடிந்து நின்றது. அந்த மரத்தை அகற்றச் சொல்லி 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. வெட்டவும் வெட்டினார்கள். ஆனாலும் கண்மாய்ச் சேற்றில் முள் கிடக்கத்தான் செய்கிறது. ஊசியால் கிளறி எடுத்தேன். உள்பக்கம் ஏறவில்லை.

சித்தியும் இன்னும் சில பெண்களும் சுற்றி நின்று அந்த முள்ளை வாங்கிப் பார்த்தார்கள். பிறகு பூட்ஸை வாங்கிப் பார்த்தார்கள். எந்தக் கடை, என்ன விலை என்று கேட்டார்கள். என் பையில் பிள்ளையின் பழைய நோட்டு இருந்தது. தாளைக் கிழித்துத் தரையில் போட்டு, ஒவ்வொருவராக நிற்கவைத்துக் கோடு போட்டேன். நாலு பேர். பாதங்களெல்லாம் முன்னால் விரிந்து, பின்னால் ஒடுங்கி.

நாலாவதாக நின்றவள் சின்னப் பெண், கல்யாணமாகி இரண்டு வருடம்கூட இருக்காது. "உனக்குமா சர்க்கரை?" என்று கேட்டேன்.

"இல்லக்கா" என்றாள். "சர்க்கரை இல்லாட்டியும் முள்ளு குத்தும்ல."